இரண்டு ஹெல்மெட்டில் எது நல்லது? விடை தேடிய மூளை டாக்டர் ஹியூ கெய்ர்ன்ஸ்

ஹெல்மெட் வாங்கப் போனால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கையில் தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் தட்டிப் பார்ப்பார்கள், கெட்டியாக இருக்கிறது என்றால் எடுத்துக்கொள்வார்கள். விலை கூடிய இரண்டு ஹெல்மெட்டை அருகருகே வைத்தாலும் இதே சோதனைதான். கெட்டியான ஓடு இருந்தால் தலை தப்பும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு சரிதானா என்று 1940களிலேயே ஒரு டாக்டர் கேட்டார். அவர் ஹெல்மெட் தயாரிப்பவர் இல்லை, பந்தய வீரரும் இல்லை. மண்டையைத் திறந்து மூளையில் அறுவை சிகிச்சை செய்பவர். இரண்டு விதமான ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, எது எந்த அடியை எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்தார். அவர் பெயர் ஹியூ கெய்ர்ன்ஸ். பந்தய மைதானத்தில் கிடந்த ஹெல்மெட்டைத் தினசரி சாலைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த கெய்ர்ன்ஸ்?

ஹியூ வில்லியம் பெல் கெய்ர்ன்ஸ் 1896 ஜூன் 26ஆம் தேதி தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்து மர வேலை பார்த்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ரிவர்டன் என்ற சிறிய ஊரில் வளர்ந்து, அடிலெய்டில் மேல்படிப்புக்குப் போனார். அங்கேயே மருத்துவக் கல்லூரியிலும் சேர்ந்தார்.

படிப்பு முடிவதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. 1915இல் ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து லெம்னோஸ் தீவுக்குப் போனார். கலிப்போலி சண்டையில் அடிபட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. பிறகு ஊர் திரும்பி 1917இல் பட்டம் வாங்கி, மறுபடியும் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். இருபது வயதையொட்டிய காலத்திலேயே போர்க் காயம் என்றால் என்ன என்று நேரில் பார்த்துவிட்டவர்.

ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து, போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரிக்கு வந்தார். 1920இல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான புகழ்பெற்ற படகுப் போட்டியில் ஆக்ஸ்போர்டு அணிக்காகத் துடுப்புப் போட்டார். அடுத்த ஆண்டு கல்லூரித் தலைவர் ஏ.எல்.ஸ்மித்தின் மகள் பார்பராவைத் திருமணம் செய்துகொண்டார். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. லண்டன் ஹாஸ்பிட்டலில் அறுவை சிகிச்சை டாக்டராகச் சேர்ந்தார்.

பாஸ்டனில் கிடைத்த பாடம்

அந்தக் காலத்தில் மூளை அறுவை சிகிச்சை என்றால் ஆள் பிழைப்பதே பெரிய விஷயம். பிரிட்டனில் அதை மட்டும் தனித் துறையாகச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்ற மேதை அந்தத் துறையையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். ராக்ஃபெல்லர் உதவித்தொகையோடு 1926இல் கெய்ர்ன்ஸ் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

அவசரப்படாமல் அறுப்பது, ரத்தப் போக்கைச் சொட்டுச் சொட்டாகக் கட்டுப்படுத்துவது, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் விரிவாக எழுதி வைப்பது, பல வருடம் கழித்தும் அவர் எப்படி இருக்கிறார் என்று தேடிப் பார்ப்பது. இவையெல்லாம் குஷிங்கின் வழிகள். ஹெல்மெட் விஷயத்தில் பின்னாளில் கெய்ர்ன்ஸுக்குக் கைகொடுத்தது இந்த எழுதி வைக்கும் பழக்கம்தான். லண்டன் திரும்பியதும் மூளை, நரம்பு அறுவை சிகிச்சையையே தன் வேலையாக வைத்துக்கொண்டார். 1930களின் நடுவில் பிரிட்டனில் தலைக்காயம் என்றால் கூப்பிடப்படும் முதல் சில பெயர்களில் அவருடையதும் ஒன்று.

1935 மே மாதம் வந்த அழைப்பு

டி.இ.லாரன்ஸ். லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்றால் உலகத்துக்கே தெரியும். முதல் உலகப்போரில் அரபுப் படைகளோடு சேர்ந்து துருக்கியருக்கு எதிராகச் சண்டையிட்டவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அன்றைக்கு இருந்ததிலேயே விலை உயர்ந்த வண்டிகளில் ஒன்றான பிரஃப் சுப்பீரியரை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கி ஓட்டியவர். எட்டாவதற்கும் சொல்லி வைத்திருந்தார்.

விமானப் படையிலிருந்து விலகிச் சில வாரங்களே ஆன நிலையில், 1935 மே 13ஆம் தேதி இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தன் குடிசை வீட்டுக்கு அருகே போய்க்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். முன்னால் சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மேல் மோதாமல் வண்டியைத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் சாதாரணமாகச் சாலையில் போகிறவர் யாரும் போடுவதும் இல்லை.

போவிங்டன் ராணுவ முகாம் மருத்துவமனையில் ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மே 19ஆம் தேதி லாரன்ஸ் இறந்தார். வயது 46.

லாரன்ஸின் சாவுதான் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால், அந்த மரணத்துக்கும் கெய்ர்ன்ஸின் முதல் ஹெல்மெட் கட்டுரைக்கும் நடுவே ஆறு வருடம் இருக்கிறது. ஒரு பிரபலத்தின் மரணம் ஊரைப் பேச வைக்கும், அவ்வளவுதான். சட்டத்தை மாற்ற எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையை இரண்டாம் உலகப்போர் கொடுத்தது.

அதற்கு முன் ஹெல்மெட்டே இல்லையா?

இருந்தது. புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தின் டாக்டர் எரிக் கார்ட்னர், கான்வாஸ் துணியும் அரக்கும் சேர்த்து ஒரு தலைக்கவசம் செய்ய வைத்தார். 1914ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் வீரர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், அது பந்தயத்தோடு நின்றுவிட்டது. உயிரைப் பணயம் வைத்து வேகமாக ஓட்டுகிறவனுக்குத்தான் ஹெல்மெட். பால் வாங்கப் போகிறவனுக்கு எதற்கு? இந்த எண்ணம் இருபத்தைந்து வருடம் அப்படியே இருந்தது.

கார் முதலாளியின் பணமும் கல்லூரி மருத்துவமனையும்

1936இல் மோரிஸ் கார் கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை கொடுத்து மருத்துவ ஆராய்ச்சித் துறைகளை உருவாக்கினார். சைக்கிள் ரிப்பேர் கடையில் தொடங்கி, மோட்டார் சைக்கிள் செய்து, பிறகு காருக்கு வந்தவர் அவர். இந்தத் திட்டத்துக்காகப் பின்னால் நின்று வாதாடியவர்களில் கெய்ர்ன்ஸ் முக்கியமானவர். 1937இல் ஆக்ஸ்போர்டின் முதல் நஃபீல்டு அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். லண்டனில் நன்றாக நடந்துகொண்டிருந்த தனியார் சிகிச்சையை விட்டுவிட்டுத்தான் அங்கே போனார்.

போர் தொடங்கியதும் ராணுவத்துக்கு மூளை அறுவை சிகிச்சை ஆலோசகரானார். ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கான செயிண்ட் ஹியூஸ் கல்லூரி, 1940இல் தலைக்காயத்துக்கான ராணுவ மருத்துவமனையாக மாறியது. போர் முடிவதற்குள் சுமார் 13,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

அப்படி வந்தவர்களில் எல்லோரும் குண்டடி பட்டவர்கள் இல்லை. ராணுவச் செய்திகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும் வீரர்கள் இங்கிலாந்து சாலையிலேயே விழுந்து மண்டை உடைந்து வந்தார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கணைப்பு. தெருவிளக்கு கிடையாது, வண்டி விளக்கையும் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். இருட்டில் வேகமாகப் போகவேண்டிய வேலை. எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமலே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தார், எழுதினார்

1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து சென்றவர்களும் 1,884 பேர். போர் தொடங்கிய பிறகு வந்த 21 மாதங்களில் 2,279 பேர். 21 சதவீதம் கூடுதல். சாவுக்குப் பெரும்பாலும் காரணம் தலைக்காயம்.

கூடவே இன்னொரு சிறிய கணக்கும் இருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு விபத்தில் சிக்கியவர்கள் என்று அவர் பார்க்க முடிந்தது ஏழே பேர். ஏழு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். ஏழு என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், ராணுவம் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. 1941 நவம்பரில், பணியில் இருக்கும் ராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது.

இரண்டு ஹெல்மெட்: எது நல்லது?

உத்தரவு வந்ததோடு வேலை முடியவில்லை. கெய்ர்ன்ஸுக்கு உண்மையான ஆராய்ச்சி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஹெல்மெட் போட ஆரம்பித்துவிட்டார்கள். இனி விபத்து நடக்கும்போது ஹெல்மெட் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

புழக்கத்தில் இருந்தது இரண்டு வகை. ஒன்று, ரப்பரைச் சூடாக்கி இறுக்கிச் செய்த ஓடு. இன்னொன்று, அட்டை செய்வதுபோலக் கூழை அழுத்திச் செய்த ஓடு. இரண்டிலும் உள்ளே நாடாப் பட்டைகளால் பின்னிய ஒரு தொட்டில் இருக்கும். தலை அந்தத் தொட்டிலில் உட்காரும்; ஓட்டைத் தொடாது. இன்றைக்கு இருப்பதுபோல் தெர்மாக்கோல் அடுக்கு அப்போது கிடையாது.

கெய்ர்ன்ஸ் தன் துறையில் இருந்த ஹோல்போர்ன் என்ற இயற்பியல் ஆராய்ச்சியாளரைச் சேர்த்துக்கொண்டார். ஹெல்மெட்டோடு விபத்தில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களை இருவரும் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். காயத்தை மட்டும் பார்க்கவில்லை. போட்டிருந்த ஹெல்மெட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். அடி எந்த இடத்தில் விழுந்தது, ஓடு என்ன ஆனது, உள்ளே தலைக்கு என்ன ஆனது என்று ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினார்கள்.

இதனால் கேள்வியே மாறிப்போனது. எந்த ஓடு உடையாது என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ஹெல்மெட் அடியின் வேகத்தைத் தலைக்குப் போகாமல் தான் வாங்கிக்கொள்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. தரையில் மோதும்போது தலை சட்டென்று நிற்கிறது. உள்ளே இருக்கும் மூளையும் நின்றாக வேண்டும். அந்த நிற்கும் நேரத்தைக் கண்ணிமைக்கும் பொழுதில் ஒரு சிறு பங்கு நீட்டித்தாலே மூளைக்குப் போகும் விசை கணிசமாகக் குறையும். பிரேக்கை மெதுவாகப் பிடித்தால் உடம்பு குலுங்குவதில்லை, சட்டென்று பிடித்தால் முன்னால் போய் விழுகிறோம்; அதே கணக்குதான். ஓடு நசுங்கினாலும் விரிசல் விட்டாலும் அது தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நம் ஊரில் சொல்வதைப் போல, ஹெல்மெட் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

ஹோல்போர்ன் இன்னும் ஒரு படி போனார். ஜெலட்டினால் மூளை மாதிரி செய்து அதைத் திருகிப் பார்த்தார். மூளையை அழுத்திச் சுருக்குவது கஷ்டம். ஆனால், ஒரு பக்கமாகத் திருகினால் உள்ளே சுலபமாக இழுபட்டுப் போகும். தலை நேராக மோதுவதைவிட, மோதும்போது சட்டென்று திரும்புவதுதான் மூளைக்கு அதிக ஆபத்து என்பது அவர் முடிவு. அன்றைக்குப் பெரிதாக யாரும் கவனிக்காத இந்த விஷயம், அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஹெல்மெட் உலகத்தையே மாற்றியது.

ஆப்பிரிக்காவும் பெனிசிலினும்

கெய்ர்ன்ஸின் போர்க்கால வேலை ஹெல்மெட்டோடு நிற்கவில்லை. அடிபட்டவரை ஊருக்கு அனுப்பும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும் என்று, மூளை அறுவை சிகிச்சைக் குழுக்களை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கு அருகிலேயே அனுப்ப ஏற்பாடு செய்தார். 1943இல் ஹோவர்ட் ஃப்ளோரியோடு வட ஆப்பிரிக்காவுக்குப் போய், போர்க் காயங்களுக்குப் பெனிசிலின் எப்படி வேலை செய்கிறது என்று சோதித்தார். ஃப்ளோரியும் அடிலெய்டில் படித்து ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு வந்தவர்தான்.

1945 டிசம்பரில் அமெரிக்கத் தளபதி பாட்டன் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து படுத்தபோதும் கெய்ர்ன்ஸுக்கு அழைப்பு போனது. பாட்டனும் பிழைக்கவில்லை. போர் முழுக்கப் பிழைத்து வந்தவரைச் சாலை கொண்டுபோய்விட்டது.

1946இல் கெய்ர்ன்ஸுக்குச் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஹெல்மெட் பற்றி மறுபடியும் எழுதினார். ராணுவத்தில் கட்டாயமானதற்குப் பின் மோட்டார் சைக்கிள் மரணங்கள் எப்படிக் குறைந்தன என்பதை மாத வாரியாகக் காட்டினார். ராணுவத்தில் செய்ய முடிந்ததைப் பொதுமக்களுக்கும் செய்யலாமே என்பது அதில் இருந்த சேதி.

32 வருடக் காத்திருப்பு

கெய்ர்ன்ஸ் 1952 ஜூலை 18ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். வயது 56. அப்போது பிரிட்டன் சாலைகளில் சாதாரண ஆட்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் ஓட்டுக்கு உள்ளே நசுங்கக்கூடிய அடுக்கு வைத்த ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. நாடாத் தொட்டில் போய், இன்று நாம் பார்க்கும் தெர்மாக்கோல் அடுக்கு வந்தது அந்த வழியில்தான்.

பொதுமக்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய முதல் சட்டம் 1961இல் வந்தது. வந்த இடம் கெய்ர்ன்ஸ் பிறந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். பிரிட்டனில் 1973 ஜூன் 1ஆம் தேதிதான் வந்தது. முதல் கட்டுரைக்கும் சட்டத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 32 வருடம். என் தலை, என் இஷ்டம் என்று வாதாடியவர்கள் அப்போதும் இருந்தார்கள். டர்பன் கட்டும் சீக்கியர்களுக்கு 1976இல் விலக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது.

இன்று வாங்குபவருக்கு இதில் என்ன?

விலை கூடிய இரண்டு ஹெல்மெட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், கெய்ர்ன்ஸும் ஹோல்போர்னும் பார்த்த வழியில் பார்க்கலாம்.

முதலில், எந்தச் சோதனையில் தேறியது என்று பாருங்கள். ஐஎஸ்ஐ சட்டப்படி வேண்டும். அதற்கு மேல் ஐரோப்பிய இசிஇ 22.06 முத்திரையும் இருந்தால் நல்லது. பழைய 22.05 விதியில் நேர் மோதல் சோதனை விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் நடந்தது. புதிய விதியில் 6 மீட்டர், 8.2 மீட்டர் வேகங்களும் சேர்ந்தன. தினமும் ஆபீஸ் போய்வரும்போது நடப்பது பெரும்பாலும் குறைந்த வேக விபத்து என்பதால் இது முக்கியம். சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு திரும்புகிறது என்பதையும் 22.06 சோதிக்கிறது. ஹோல்போர்ன் 1943இல் சொன்ன அதே திருகல்தான். மிப்ஸ் என்ற பெயரில் சில ஹெல்மெட்டுகளுக்குள் இருக்கும் நழுவும் அடுக்கும் இதற்காகத்தான் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த மூளை அறுவை சிகிச்சை டாக்டர்.

இரண்டாவது, பொருத்தம். சிலருக்குத் தலை நீள்வட்டம், சிலருக்கு உருண்டை. அடுத்தவருக்குக் கச்சிதமாக இருக்கும் அதே சைஸ் உங்களுக்கு நெற்றியில் குத்தலாம். போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் கடையிலேயே இருங்கள். கன்னத்தை மெல்ல அழுத்த வேண்டும்; நெற்றியில் ஒரு புள்ளியில் மட்டும் வலிக்கக் கூடாது. பட்டையை மாட்டி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்று வரக்கூடாது. கழன்று ஓடிய ஹெல்மெட் எத்தனை ஆயிரம் ரூபாய் ஆனாலும் பயனில்லை.

மூன்றாவது, நீங்கள் எதைத் தினமும் போடுவீர்கள் என்று யோசியுங்கள். காற்றோட்டம், எடை, கண்ணாடியின் தெளிவு இவையெல்லாம் சொகுசு இல்லை. வெயிலில் வேர்த்துக் கொட்டி, சிக்னலில் கழற்றி டேங்க் மேல் வைக்கத் தோன்றும் ஹெல்மெட்டைவிட, சோதனையில் அதே அளவு தேறி, போட்டது தெரியாமல் இருக்கும் ஹெல்மெட்டே நல்லது.

கடைசியாக, ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே அடுக்கு நசுங்கியிருக்கும். நசுங்கியது மறுபடி எழும்பாது.

கெய்ர்ன்ஸ் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மண்டைகளைத் திறந்து மூடியவர். ஆனால், அவர் கையே படாமல் பிழைத்தவர்கள்தான் அதிகம். மருத்துவமனைக்கு வராதவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. விழுந்து எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, உடைந்த ஹெல்மெட்டோடு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.